கடைசிக்கு முதல் ஆள்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்குக் காத்திருக்கிறோம். பக்கத்தில் இருக்கும் விஞ்ஞான ஆசிரியையின் மடியில், குரங்கு மனிதனாவதைக் காட்டும் பழைய சுவர்ப்படம். ஒவ்வோர் உருவமும் முந்தியதைவிட வெளுக்கிறது. கடைசி ஆள் வெள்ளைக்காரன். அவனுக்கு முதல் ஆள் கறுப்பு, கையில் ஈட்டி.

பரிணாமம் கிளைவிட்ட மரம். ஆள வந்தவர்கள் மண்டையோடுகளை அளந்து அதை ஏணியாக்கி, உச்சியில் தாங்களே ஏறி நின்றுகொண்டார்கள்.

ஆசிரியை படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு மரம் கீறத் தொடங்குகிறார்.

"முன்பக்கம் வேண்டாமோ, அக்கா?" என்கிறேன்.

"வேண்டாம். போன கிழமை வகுப்புச் சுவரில கொழுவினனான். ஒரு பிள்ளையின்ரை தகப்பன் ஈட்டியால திருக்கை மீன் குத்திறவர். அவள் ஓடிவந்து கறுப்பு ஆளைத் தொட்டு, 'டீச்சர், எங்கட அப்பா!' எண்டவள். எவ்வளவு சந்தோசமாச் சொன்னவள் தெரியுமோ?"