அத்தையின் ஆணி ஷூ

எங்கள் பெரியப்பாவுக்கு வானொலியில் சேரவேண்டும் என்று ஆசை. வானொலிக்கு அப்படி ஓர் ஆசை இல்லை. ஆகவே அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்தில் ஒரு கிளப் ஹாலில், மாதம் ஒரு சனிக்கிழமை மாலை வாடகை மைக் பிடித்து ‘நம்ம ஊர் வீரர்’ என்ற பேட்டி நிகழ்ச்சியை அவரே நடத்தினார். பெஞ்சுகளில் அறுபது பேர் இருப்பார்கள். அவர்களை "நேயர்களே" என்பார்.

பேட்டி முடிந்ததும் வீரர் தன் பொருள் ஒன்றைக் கொடுக்கவேண்டும். மேடையிலேயே அதை ஏலம் விட்டு, வருவதைத் தர்மத்துக்குக் கொடுப்பார்கள். ஒரு கபடிக்காரர் வியர்வை காயாத பனியனையே கழற்றிக் கொடுத்து முன்வரிசையைக் காலி செய்திருக்கிறார்.

எனக்கு ஒன்பது வயதில் அத்தையின் முறை வந்தது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் கடைசித் தங்கை. நானூறு மீட்டர் ஓட்டத்தில் ஜில்லாவிலேயே முதல். அடுத்த வாரம் மாநில அணிக்குத் தேர்வு. டியூஷன் எடுத்துச் சேர்த்த காசில் மூர் மார்க்கெட்டில், பந்தயத்தில் ஓடுகிறவர்கள் போடும் அடியில் ஆணி வைத்த ஷூ ஒன்றைப் பழசாக வாங்கி, அளவு பெரிதாக இருந்ததால் விரல்பக்கம் பஞ்சு அடைத்து வைத்திருந்தாள். அந்த ஷூவுக்கு வீட்டில் இருந்த மரியாதை எனக்குக் கிடையாது. ஏலத்துக்கென்று, பூவேலை செய்த கைக்குட்டை ஒன்றைத் தனியாக மடித்து எடுத்து வந்திருந்தாள்.

அன்றைய தர்மம் அநாதை இல்லத்துக்குக் கூரை. முன்வரிசையில் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வந்த ஒரு பெரியவரும், முகம் நிறையப் பவுடரோடு அவர் மகனும். தொடங்குமுன் பெரியப்பா என்னைத் தனியே இழுத்தார்.

"டேய், ஓடிப்போய் அத்தையோட ஷூவ எடுத்துக்கிட்டு வா. அவகிட்ட மூச்சு விடக்கூடாது, தெரிஞ்சுதா?"

என் வாழ்நாளில் நான் வேகமாக ஓடியது அன்றுதான்.

அத்தை கைக்குட்டையை நீட்டுகிற நேரம், பெரியப்பா என்னை மேடையில் தூக்கி நிறுத்தினார். "நேயர்களே! யாரும் சொல்லாமலே, அநாதைக் குழந்தைங்களுக்காக அத்தையோட ஷூவ எடுத்துக்கிட்டு ஓடி வந்திருக்கான் பாருங்க!"

கைதட்டல். அதில் ‘யாரும் சொல்லாமலே’ என்பது எனக்கே உண்மையாகிவிட்டது.

"அண்ணா, அது வேணாம்ணா, அடுத்த வாரம்…" என்று அத்தை கிசுகிசுத்ததை மைக் ஊருக்கே சொன்னது.

"ஏம்மா, பச்சப் புள்ளைங்க மழைல நனையுதுங்களே!"

நனைகிற பிள்ளைகளுக்கு எதிராக யார் பேசுவது? "இன்னா சார், போட்டுகினு நடந்தா வூட்டுத் தரை தாங்குமா?" என்று பின்பெஞ்சில் ஒருவர் கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசைப் பெரியவர் கேட்ட விலைக்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஷூவைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனார்.

வீடு திரும்பும்போது அத்தை என் கையைப் பிடித்திருந்தாள். "பெரியப்பா எடுத்துட்டு வரச் சொன்னாராடா?"

கைதட்டல் இன்னும் காதில் இருந்தது. "இல்ல அத்தை. நானாத்தான்."

"அப்போ சரி. அண்ணன்தான் செஞ்சுட்டாரோன்னு நெனச்சேன்," என்று என் தலையைத் தடவினாள்.

தேர்வில் வெறுங்காலோடு ஓடி நான்காவதாக வந்தாள். மூன்று பேரைத்தான் எடுத்தார்கள். அடுத்த மாதமே பெரியப்பா ஒரு வரன் கொண்டுவந்தார். அண்ணன் தனக்குக் கெட்டது செய்யமாட்டார் என்று அத்தை தலையாட்டினாள். எங்கள் மாதா கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்தார்கள். மாப்பிள்ளை, அந்தப் பவுடர்க்காரர்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குப் போனபோது, கண்ணாடி அலமாரியில் தலையாட்டும் பொம்மைக்குப் பக்கத்தில் ஷூ இருந்தது, பஞ்சுகூட எடுக்கவில்லை. நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன் என்று அத்தையின் மாமியாரிடம் பெருமையடித்தேன்.

"தெரியுமே கண்ணு. ஓடுற பொண்ணு எங்களுக்கு ஒத்துவராதுன்னு சொன்னோம். சனிக்கிழமை வாங்க, ஷூ உங்க கைக்கே வந்துடும்னு உங்க பெரியப்பா முன்னாடியே சொல்லிட்டாரே," என்று சிரித்து, தட்டில் அதிரசம் வைத்தார்.

காபியோடு வந்த அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். மாமியாரைப் பார்க்கவில்லை, அலமாரியைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

அதிரசம் நன்றாக இருந்தது. நான் இன்னொன்று கேட்டேன்.