போன ஃபைல் திரும்ப வேண்டாம் என்று சொன்னது யார்?

இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகலில், ஒரு விண்ணப்பப் படிவம் திரும்பி வந்தது. இரண்டே பக்கம். ஆனால் அதை ஏந்தி வந்த ரோசலினின் முகத்தைக் கண்டபோது, இரண்டு பக்கத் தாளுக்கு இவ்வளவு கனம் உண்டா என்று திகைத்தேன்.

ரோசலினை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகும் 'ஆலோசகர்' என்ற பெயரில் நான் ஒட்டிக்கொண்டிருக்கும் மருத்துவமனையில், நோயாளிகளின் கோப்புகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை செய்பவர். வயது நாற்பதைத் தாண்டியவர். ஜீவனஹள்ளியிலிருந்து வருகிறார். ஒன்பது ஆண்டுகளாக ஒப்பந்த ஊழியர். இந்த ஆண்டு எங்கள் பிரிவுக்கு ஒரே ஒரு நிரந்தரப் பணியிடம் ஒதுக்கப்பட்டது. அது ரோசலினுக்குக் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால்... ஒப்பந்தம் இம்மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கப் போவதில்லை என்று முன்னதாகவே சொல்லிவிட்டார்கள்.

"சார், ஃபார்ம ரிட்டர்ன் பண்ணிட்டாங்க," என்றார். "ஏழாவது கொஸ்டின் தப்பாம்."

ஏழாவது கேள்வி இதுதான் — கோப்பு இடமாற்றத் திட்டத்தில் தாங்கள் தனியொருவராகச் செய்தது என்ன?

ரோசலின் பதினோரு வரி எழுதியிருந்தார். பதினோரு வரிகளும் 'நாங்கள்' என்றே தொடங்கின. நாங்கள் பிரித்தோம், நாங்கள் அடுக்கினோம், நாங்கள் அனுப்பினோம். மனிதவளப் பிரிவின் அதிகாரி நந்தினி, அத்தனை 'நாங்க'ளையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார். சற்றுத் தள்ளிவைத்துப் பார்த்தால், தாளுக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது.

"எல்லாரும் சேந்துதானே சார் செஞ்சோம்? நான், நான்னு எழுத கை வரமாட்டேங்குது. பொய் ஆயிடாதா?"

ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

குழுவின் தலைவர் நான். ரோசலினின் தனிப் பங்கு இன்னது என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் ஒரு கடிதம் கொடுத்தால் போதும் என்று நந்தினி சொல்லி அனுப்பியிருந்தார். ஐந்து நிமிட வேலை என்றே எண்ணினேன்.

திட்டம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவு, தொம்மலூரில் கட்டிய புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது. கோப்புகள் மட்டும் அல்சூர்ப் பக்கத்துப் பழைய கட்டடத்தில் தங்கிவிட்டன. தினமும் காலையில் அன்றைய நோயாளிகளின் கோப்புகளைத் தேடி எடுத்து, வேனில் ஏற்றித் தொம்மலூருக்கு அனுப்புவோம். மாலையில் அவை திரும்பி வரும். அடுக்குவோம். மறுநாள் மறுபடியும் எடுப்போம்... இந்தக் கோப்புகள் அனைத்தையும் புதிய கட்டடத்துக்கு மாற்றும் பொறுப்பு எங்கள் நால்வரிடம் ஒப்படைக்கப்பட்டது. நான், ரோசலின், கணினிப் பிரிவின் மஞ்சுநாத், வேன் ஓட்டும் இம்ரான்.

நிபந்தனை ஒன்றுதான். ஒரு நாள்கூட மருத்துவமனையை மூடக்கூடாது.

மூன்று திட்டங்கள் தீட்டினோம். மூன்றுக்கும் நான்கு நாள் மூடவேண்டியிருந்தது. மருத்துவர்கள் மூன்றையும் நிராகரித்தார்கள். பிறகு ஒரு நாள், கேன்டீனில் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, எங்கள் நால்வரில் ஒருவர் சொன்னார் — போகிற கோப்பு திரும்பி வராமல் அங்கேயே இருந்துவிட்டால் என்ன?

அவ்வளவுதான்! இன்று போன கோப்பு தொம்மலூரிலேயே தங்கும். நாளை போவதும் தங்கும். வந்துபோகும் நோயாளிகளின் கோப்புகள் தாமாகவே குடிபெயர்ந்துவிடும். வராதவர்களின் கோப்புகளைப் பிறகு மெதுவாகக் கவனித்துக்கொள்ளலாம். எட்டு மாதத்தில் வேலை முடிந்தது. ஒரு நாள்கூட மூடவில்லை.

இந்த யோசனையைச் சொன்னவர் யார்?

நான்தான்! அப்படித்தான் நம்பியிருந்தேன். நம்பியதோடு நின்றேனா? சென்ற ஆண்டு இதே பகுதியில் எழுதவும் செய்தேன்... 'தேநீர் ஆறுவதற்குள் என் மனத்தில் உதித்த யோசனை' என்று. உங்களில் பலர் பாராட்டிக் கடிதம் எழுதினீர்கள். இவரை மேலாண்மைக் கல்லூரிகளில் பேசவைக்க வேண்டும் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நான் அதை மறுத்து ஒன்றும் எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமை பிற்பகலில் ஒரு முடிவுக்கு வந்தேன். ஓய்வு பெற்றவனுக்கு இந்தப் பெருமை எதற்கு? யோசனை ரோசலினுடையது என்று எழுதிவிடுவோம். அவருக்கு வேலை கிடைக்கட்டும். ஆனாலும் மற்ற இருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதையல்லவா?

முதலில் மஞ்சுநாத்திடம் போனேன்.

"சார், அது நானே ஹேளித்து!" என்று எழுந்து நின்றுவிட்டார். பிறகு, என் பொருட்டுக் கன்னடத்திலிருந்து தமிழுக்கு மாறினார். "நான்தானே சார் சொன்னது? எந்த ஃபைல் எத்தன தடவ போயிட்டு வருதுன்னு ரிப்போர்ட் எடுத்தது யாரு? அந்த பேப்பர கையில வெச்சுக்கிட்டுத்தான் கேன்டீனுக்கே வந்தேன். இந்த வருஷ அப்ரைசல்ல என் ஐடியான்னு போட்டிருக்கேன் சார். இப்ப நீங்க ரோசலின் மேடம் ஐடியான்னு லெட்டர் குடுத்தா, நான் சுள்ளு சொன்ன மாதிரி ஆயிடும். பொய் சொன்ன மாதிரி!"

அவர் கண்ணில் பொய் இல்லை. இம்ரானைத் தேடிப் போனேன்.

இம்ரான் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"க்யா சாப், இதுல என்ன டவுட்டு? காலைல கொண்டுபோன அதே ஃபைல சாயங்காலம் ஏத்திக்கிட்டு ட்ரினிட்டி சர்க்கிள் ட்ராஃபிக்ல நிக்கறவன் நானு. மஞ்சுநாத் சாரா வந்து நிக்கறாரு? 'அரே, வரும்போது காலி வண்டியா வந்தா என்ன'ன்னு நான்தான் கேட்டேன். நீங்க டீய கீழ வெச்சுட்டு என்னையே பாத்தீங்க சாப்."

தேநீரைக் கீழே வைத்தது எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் எதற்காக வைத்தேன்? யோசனை உதித்ததாலா... அல்லது இம்ரானைப் பார்ப்பதற்காகவா?

மர்பி டவுன் வீட்டுக்குத் திரும்பி, மனைவியிடம் விவரத்தைச் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"ஏங்க, அன்னிக்கு வீட்டுக்கு வந்து நீங்கதானே சொன்னீங்க? வேன் ஓட்டறவரு ஒரு வார்த்த சொன்னாரு, பிரச்சின தீந்துபோச்சுன்னு?"

"அப்படியா சொன்னேன்?"

"ஆமா... இல்ல, கம்ப்யூட்டர்ல இருக்கறவருன்னு சொன்னீங்களோ? அது சரியா ஞாபகமில்ல. ஆனா உங்களுக்குத் தோணுச்சுன்னு நீங்க சொல்லல. சொல்லியிருந்தா மூணு நாளு சொல்லியிருப்பீங்க. அது எனக்கு மறக்குமா?"

நாற்பத்திரண்டு ஆண்டு இல்லறம். மறுப்பதற்கு வழியில்லை.

குழுவாகச் செய்கிற வேலையின் மேன்மையைப் பற்றி நானே பல கூட்டங்களில் பேசியிருக்கிறேன். நால்வரின் அறிவு ஒன்றுசேர்ந்தால் ஐந்தாவதாக ஓர் அறிவு பிறக்கும் என்பேன். பிறந்தது உண்மைதான்! ஆனால் அது யாருடைய பிள்ளை என்று கேட்டால், நால்வரின் வீட்டிலும் தொட்டில் ஆடுகிறதே... என்ன செய்வது?

நால்வர் என்றா சொன்னேன்? தவறு. மூவர். மறுநாள் ரோசலினைக் கேட்டேன்.

"ஏம்மா, உண்மையச் சொல்லு. அது நீ சொன்னதா?"

"ஐயோ, இல்ல சார். யாரோ சொன்னீங்க. எனக்கு பயம்தான் வந்துச்சு. பாதி ஃபைல் அங்க, பாதி இங்க இருந்தா, எது எங்க இருக்குன்னு எப்டி கண்டுபுடிக்கிறதுன்னு." கிளம்ப எழுந்தார். பிறகு தாழ்ந்த குரலில், "நான் சொல்லலன்னு மட்டும் எழுதிடாதீங்க சார்..." என்றார். இரண்டடி போய்த் திரும்பி வந்தார். "சொன்னேன்னும் எழுதாதீங்க."

அன்று முழுவதும் வெள்ளைத் தாளின் முன் அமர்ந்திருந்தேன்.

வியாழக்கிழமை இம்ரான் வந்தார். வந்தவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நக்கோ சாப், இந்த ஐடியா பேச்ச விடுங்க. ரோஸி அக்கா லீவுல போன அந்த மூணு நாளு... ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா போகும்?

ரோசலினின் மாமியார் காலமாகி, அவர் கோலார் தங்கவயலுக்குப் போயிருந்தார். திட்டத்தின் நடுப்பகுதி அது. ஒவ்வொரு கோப்பும் புறப்படும்போது, அது இருந்த இடத்தில் எண்ணும் தேதியும் எழுதிய மஞ்சள் அட்டை ஒன்றைச் செருகிவைப்பது எங்கள் ஏற்பாடு. அட்டை இருந்தால் கோப்பு தொம்மலூரில் இருக்கிறது என்று பொருள். அந்த மூன்று நாளும் மஞ்சுநாத் செருகுகிறார் என்று நான் இருந்தேன். நான் செருகுகிறேன் என்று மஞ்சுநாத் இருந்தார். எங்கள் இருவரில் ஒருவர் செருகுகிறார் என்று இம்ரான் இருந்தார்.

மூன்றாம் நாள், அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஓர் அம்மையாரின் கோப்பைக் காணவில்லை. எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்றே தெரியவில்லை. பழைய விவரம் பார்க்காமல் ஊசி போடமாட்டேன் என்று மயக்க மருந்து நிபுணர் சொல்லிவிட்டார். இம்ரான் நான்கு முறை தொம்மலூருக்கும் அல்சூருக்கும் அலைந்தார். சிகிச்சை ஒரு நாள் தள்ளிப்போனது. அந்த அம்மையாரின் மகள் எங்கள் மூவரையும் பார்த்துக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "இத்தன பேரு இருக்கீங்க, ஒருத்தருக்குமா தெரியல?"

மஞ்சுநாத்திடம் கேட்டேன். அந்த மூன்று நாளையும் அப்படியே சொன்னார். இம்ரான் சொன்னதும் அதுவே. எனக்கு நினைவிருந்ததும் அதுவே. ஒரு வாக்கியத்தைச் சொன்னவர் யார் என்பதில் மூவருக்கும் மூன்று நினைவு. ரோசலின் இல்லாத மூன்று நாளில் மட்டும் மூவருக்கும் ஒரே நினைவு!

பேனாவை எடுத்தேன். ஆனால் இங்கும் ஒரு குழப்பம் என்னைப் பிடித்துக்கொண்டது.

நான் வார்டில் கோப்பு சுமப்பவனாகச் சேர்ந்து, எழுத்துக் கூட்டிப் படித்து மேலே வந்தவன். பிற்காலத்தில் அந்தக் கோப்பு அறை முழுவதும் என் தலைக்குள் இருந்தது. எந்த அலமாரியில் எது என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. சிக்குன்குனியா வந்து நான் படுத்தபோது, அதிகாரிகள் என் கட்டிலருகே வந்து நின்று கோப்பின் இருப்பிடத்தைக் கேட்டுப் போனார்கள். எனக்கு அது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நோயே பாதி தீர்ந்துவிட்டது.

நான் இல்லாதபோதும் வேலை நின்றது. ரோசலின் இல்லாதபோதும் நின்றது. நான் யாருக்கும் சொல்லவில்லை, அதனால் நின்றது. அவர் தினமும் எங்கள் கண்ணெதிரே செய்தார், நாங்கள் பார்க்கவில்லை, அதனால் நின்றது. அப்படியானால் இது அவருடைய சிறப்பா, எங்கள் மூவரின் குற்றமா? சிறப்புச் சான்றிதழ் எழுத உட்கார்ந்தவன் ஒப்புதல் வாக்குமூலம் எழுதவேண்டியிருக்கிறதே!

அதைத்தான் எழுதினேன். மூன்று நாள் நடந்ததை, எங்கள் தவறு உட்பட, ஒன்றரைப் பக்கம். இம்ரான் படித்துக் கையெழுத்திட்டார். மஞ்சுநாத், 'யோசனை' என்ற சொல் எங்கேனும் இருக்கிறதா என்று இரண்டு முறை தேடிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

வெள்ளிக்கிழமை நந்தினி கடிதத்தைப் படித்தார்.

"சார், அவங்க என்ன செஞ்சாங்கன்னு கேட்டா, அவங்க இல்லாதப்போ என்ன ஆச்சுன்னு எழுதியிருக்கீங்களே?"

"எங்களுக்கு உறுதியாத் தெரிஞ்சது அது ஒண்ணுதாம்மா."

"அதுக்கு ஃபார்ம்ல இடமே இல்ல சார். சரி, ஐடியா யாருது? மஞ்சுநாத் அவரோடதுன்னு போட்டிருக்கார். உங்க ஆர்டிகல்ல உங்களோடதுன்னு இருக்கு. அத லேமினேட் பண்ணி ரிசப்ஷன்ல மாட்டினதே நான்தான்!"

"அதைக் கழற்றிடுங்கம்மா."

"கழட்டிட்டு, யாரோடதுன்னு மாட்டட்டும்?"

எழுந்து வந்தேன். ஆனால் என் கையில் உள்ளதை நான் செய்தாக வேண்டும். எனவே வாசகப் பெருமக்களே, 'என் மனத்தில் உதித்த யோசனை' என்று சென்ற ஆண்டு நான் எழுதிய வரியை இன்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அது பொய்யென்று எனக்குத் தெரியாது. மெய்யென்றும் தெரியவில்லை. பாராட்டுக் கடிதம் எழுதியவர்கள் மன்னிக்கவும். கடிதங்களை நால்வருக்குமாகப் பிரித்துக்கொடுக்க முயல்கிறேன்.

சென்ற புதன்கிழமை உத்தரவு வந்தது.

ரோசலின் நிரந்தரம்! தாளைக் கையில் பிடித்துப் படித்தார். கண்ணைத் துடைத்தார். மறுபடி படித்தார். இம்ரான் எல்லோருக்கும் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வாங்கி வந்தார். மஞ்சுநாத் முதல் துண்டை ரோசலினிடம் நீட்டினார். உத்தரவை நானும் வாங்கிப் பார்த்தேன். நியமனத்துக்குக் காரணம் என்ற இடத்தில், 'குழுவாக இணைந்து பணியாற்றுவதில் சிறந்த திறன்' என்று எழுதியிருந்தது. நந்தினியை மனத்துக்குள் வாழ்த்தினேன்.

அடுத்த பத்தியையும் படித்தேன். வாழ்த்து பாதியில் நின்றது.

பணியிடம் — பழைய கட்டடம். மீந்திருக்கும் கோப்புகள், அதாவது இனி வராத நோயாளிகளின் கோப்புகள், அவர் பொறுப்பு. மற்ற அனைவரும் தொம்மலூருக்கு மாற்றப்படுகிறார்கள். அந்த அறையில் இனி ஒரே ஓர் ஊழியர்.

குழுவில் சிறந்தவர் என்று சொல்லித் தனியே உட்காரவைக்கிறார்களா? இது என்ன கணக்கு? நந்தினியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று நான் புறப்பட, ரோசலின் என் கையிலிருந்த உத்தரவை மெல்ல வாங்கி, நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"விடுங்க சார். அங்க நான் ஒருத்திதானே? இனிமே இத யார் செஞ்சதுன்னு ஒருத்தரும் கேக்க முடியாதில்ல?"