மாப்பிள்ளைக்கு ஒரு பழைய சுவிஸ் மணிக்கூடு

பழைய சுவிஸ் மணிக்கூடு விக்கிற தொழில்ல, மணிக்கூட்டைப் பழுது பார்க்கிறது லேசு; அதை வாங்க வர்ற குடும்பத்தைச் சமாளிக்கிறதுதான் பெரும்பாடு. மாத்தளை டவுன்ல ஒரு சின்னக் கடையில உட்கார்ந்து நான் பட்டதைத்தான் பழைய சாமான் விக்கிற நீங்க எல்லாரும் பட்டிருப்பீங்க. ஒரு கல்யாணத்துக்கு ஒரு மணிக்கூடு வித்த கதையை மட்டும் சொல்றேன், கேளுங்க.

கத்தரிக்காய்ப் பரீட்சை

நாவுலயிலிருந்து பாரூக் நாநா வந்தார். மரக்கறி யாவாரி. கூட மகள் ரிஸ்னா, சீகிரியாவுல ஒரு ஹோட்டல்ல வேலை செய்யிற புள்ள. அடுத்த மாசம் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு சுவிஸ் மணிக்கூடுதான் போடணும்னு மாப்பிள்ளை வீட்டுல ஒரே பிடியாம். ரெண்டு வருஷமா சம்பளத்துல மிச்சம் பிடிச்சதை அவளே கொண்டு வந்திருந்தா. புதுசுன்னா அந்தக் காசு கையில கட்டுற பட்டிக்குக்கூடக் காணாது.

நான் பளபளன்னு மினுங்குற ஒன்னை எடுத்து வச்சேன். நாநா கையில ஏந்தி எடை பார்த்தார், திருப்பினார், நகத்தால சுரண்டினார், மோந்து வேற பார்த்தார். எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! ஆனா அது பாலிஷ் போட்டுப் போட்டே ஓரமெல்லாம் தேஞ்சுபோனது. எனக்குத் தெரியும், அவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னுதான் தெரியல. டக்குன்னு திருப்பித் தந்துட்டார். "முப்பது வருஷமா கத்தரிக்கா வாங்குறேன் தம்பி, மினுக்கி வச்சதுலதான் புழு ஈக்கும்."

பெட்டியும் கடதாசியும்

அடுத்து எடுத்தது என் செல்லப்பிள்ளை. நீல முகம், தோல் பெட்டி, கடதாசி, சகலமும் இருக்கு. பெட்டியைக் கண்டதும் நாநா முகம் மலர்ந்துபோச்சு. அந்த நேரம் பார்த்தா சிவபாலன் ஐயா பட்டி மாத்த வரணும்? யாழ்ப்பாணத்துக்காரர், கச்சேரியில அரசாங்க வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். கடதாசின்னு ஒன்னு கண்ணுல பட்டா வாசிக்காம விடமாட்டார். என் லென்ஸையே எடுத்து, மணிக்கூட்டு நம்பரையும் கடதாசி நம்பரையும் ஒன்னொன்னா ஒப்பிட்டார்.

ரெண்டும் வேற வேற. சத்தியமா ஏமாத்த நினைக்கல. வாங்கும்போது நானும் பெட்டியில மயங்கினவன்தான். மூஞ்சியை எங்கே வைக்கிறதுன்னு தெரியாம நின்னேன். ஐயா ஆறுதலா முதுகைத் தட்டினார். "தம்பி, பெட்டி உண்மையான பெட்டி, கடதாசியும் உண்மையான கடதாசி, மணிக்கூடுதான் எங்கயிருந்து வந்ததெண்டு தெரியேல்லை."

வெறும் தட்டு

மிஞ்சினது ஒன்னுதான். ஆட்டோமெட்டிக். கண்ணாடி ஓரத்துல ஒரு கீறல், பெட்டியும் இல்ல, கடதாசியும் இல்ல. பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற மெஷினை ரிஸ்னாவுக்குக் காட்டினேன். எல்லாம் அசல். விலையும் அவ காசுக்குள்ள அடங்குச்சு. நாநா மட்டும் ஒத்துக்கல. பெட்டி இல்லாம சீர்த் தட்டுல எப்படி வைக்கிறது, மாப்பிள்ளையோட உம்மா முதல்ல பெட்டியைத்தானே பார்ப்பாங்கன்னு ஒரே புலம்பல். அந்த நீலத்தோட பெட்டியில இதை வச்சுத் தாங்கன்னார். யாவாரம் கைநழுவிப் போயிடுமோங்கிற பயத்துல நானும் பெட்டியை எடுக்கப் போனேன். ரிஸ்னா குறுக்கே கையை வச்சுட்டா. "அந்த ஆக்கள் மூஞ்சியில நான்தானே வாப்பா காலம் பூரா முழிக்கணும், இது இப்படியே போகட்டும்."

அஞ்சாம் நாள்

கல்யாணம் முடிஞ்சு அஞ்சாம் நாள், நாநா, ரிஸ்னா, மாப்பிள்ளை மூணு பேரும் திரீவீல்ல வந்து இறங்கினாங்க. மணிக்கூடு நின்னுபோச்சு! பொண்ணு வீட்டுல ஓடாத சாமானைத் தள்ளிவிட்டுட்டாங்கன்னு மாப்பிள்ளையோட உம்மா சொந்தக்காரங்க எல்லாருக்கும் ஃபோன் போட்டுட்டாங்களாம். ரிஸ்னாவுக்குக் கண்ணெல்லாம் சிவந்து கிடக்கு. திறந்து பார்த்தேன், ஒரு குறையும் இல்ல. ரெண்டு ஆட்டு ஆட்டினேன், ஓடுச்சு.

கையில கட்டுறீங்கதானேன்னு கேட்டேன். கழட்டவே இல்லன்னார் மாப்பிள்ளை. அப்ப அஞ்சு நாளும் என்னதான் செஞ்சீங்க? நாநா பெருமையா முந்திக்கிட்டார்: தன் வீட்டோட வந்திருக்கிற புது மாப்பிள்ளையை ஒரு துரும்பைக்கூட அசைக்க விடலையாம், கட்டிலுக்கே சாப்பாடு போகுதாம். சாப்பிட்டது வலது கை. மணிக்கூடு கட்டின இடது கை தலகாணியில! இதுல பேட்டரி கிடையாது, கட்டின கை அசைஞ்சாத்தான் உள்ளே ஸ்பிரிங் முறுகும். பெட்டிச் சண்டையில அதைச் சொல்ல மறந்த மடையன் நான்.

மாப்பிள்ளை வெக்கத்துல நெளிஞ்சார். நல்ல மனுஷன், அங்கேயே உம்மாவுக்கு ஃபோன் எடுத்து, பிழை தன்னோடதுதான்னு சொல்லிட்டார். ரிஸ்னா அப்பதான் சிரிச்சா. மணிக்கூட்டை அவர் கையில தானே கட்டிவிட்டா. "நாளையிலிருந்து நம்ம ஊட்டுத் தேங்காயெல்லாம் நீங்கதான் திருவுறீங்க, யாராச்சும் கேட்டா மணிக்கூட்டுக் கடையில சொன்னாங்கன்னு சொல்லுங்க."

அன்னையிலிருந்து ஆட்டோமெட்டிக் கேட்டு வர்ற எந்த மாமனார்கிட்டயும், கையில காசு எவ்வளவு இருக்குன்னு கேக்குறதுக்கு முந்தி, மாப்பிள்ளை வீட்டுல ஏதாச்சும் வேலை செய்வாரான்னுதான் நான் கேக்குறது.