பதினேழு பிழை

மாநில அரசு வேலைக்கு வருகிறவர்களுக்குத் தமிழ் எழுதத் தெரிந்திருக்க வேண்டும், தமிழ்த் தாளில் தேறாதவர்களின் மற்றத் தாளைத் திருத்தவே கூடாது. இதற்காக நெய்வேலியில் என்னைப் போல் தொண்டை கிழியப் பேசியவர்கள் குறைவு. சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்ததும் குளித்துவிட்டு மைக் இருக்கும் இடம் தேடிப் போய்விடுவேன். "கூலி வேலைக்காரன் கொடுக்கிற மனுவைப் படிக்கத் தெரியாதவனுக்கு ஆபீசில் நாற்காலி எதற்கு?" என்று கேட்பேன். இன்றைக்கும் அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன்.

ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "இந்தி எடுத்துப் படிச்ச நம்ம புள்ளைங்க என்னங்க பண்ணும்?"

"அது பெத்தவங்க செஞ்ச தப்புங்க. அதுக்கு சட்டம் என்ன பண்ணும்?" என்றேன். பலத்த கைதட்டல்.

என் ஒரே மகள் இந்தி எடுத்துப் படித்தவள் என்பது அங்கே பலருக்குத் தெரியாது. ஆறாம் வகுப்பில் தமிழ் வேண்டுமா, இந்தி வேண்டுமா என்று பள்ளியில் கேட்டுப் படிவம் வந்தபோது அவள் தமிழ்தான் வேண்டும் என்று அழுதாள். நாங்கள் குடியிருந்த பிளாக்கில் எல்லார் கனவும் மத்திய அரசு வேலைதான். மேடையில் என்ன பேசினாலும் எனக்கும் அந்த ஆசை இருந்தது. "தமிழ்தான் வூட்ல பேசுறமே, அது எங்க போயிடப் போவுது?" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

மத்திய அரசு வேலை வரவில்லை. இருபத்தாறு வயதில் மாநிலத் தேர்வின் முதல் கட்டத்தை ஆங்கிலத்திலேயே எழுதித் தேறினாள். அடுத்த கட்டத்தில், நான் மைக் பிடித்துக் கேட்ட அதே தமிழ்த் தாள் சட்டமாகி உட்கார்ந்திருந்தது. வாயால் பேசச் சொன்னால் என்னையே மடக்கிவிடுவாள். எழுத உட்கார்ந்தால் கை ஓடாது.

இரட்டைக்கோடு நோட்டு வாங்கப் போனோம். கடைக்காரர் அவளிடமே கேட்டார். "புள்ள எந்த கிளாஸ் படிக்குதும்மா?"

"ஒண்ணாவதுங்க," என்றாள் சிரிக்காமல். கடையில் தொங்கிய காலண்டர்களைப் பார்க்க நான் திரும்பிக்கொண்டேன்.

மூன்று மாதம் தினம் ஒரு கட்டுரை, ஒரு கடிதம். நான் சிவப்புப் பேனாவோடு எதிரில் உட்காருவேன். என் மனைவி காடாம்புலியூர்க்காரி, மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாதவள்.

"ஊருக்கெல்லாம் சட்டம் பேசிக்கினு திரிஞ்சீங்களே, அன்னிக்கு இவ அழுததக் கேட்டிருந்தா இந்த செவப்புப் பேனா எதுக்குங்க?"

என் தப்பைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வரும். அன்றும் கத்தினேன். மகள் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டிருந்தாள்.

தமிழ்த் தாளிலேயே அவளுக்குப் போய்விட்டது. உயிரைக் கொடுத்துப் படித்து எழுதிய மற்றத் தாளை யாரும் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"ரூல் அப்படித்தானப்பா," என்றாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில், வடக்கத்தி வாடிக்கையாளர்களிடம் இந்தியில் போன் பேசும் வேலை.

போன வாரம் அலமாரியை ஒழிக்கும்போது அந்த நோட்டு கிடைத்தது. ஒரு பக்கத்தில் 'தந்தைக்குக் கடிதம்' என்ற பயிற்சி. அன்று நான் பிழைகளை மட்டும் தேடியிருக்கிறேன். கடிதத்தைப் படித்தது இப்போதுதான். பிழைகளை நீக்கினால் இப்படி இருந்தது:

"அன்புள்ள அப்பாவுக்கு, நலம். நீங்கள் கூட்டத்தில் பேசிய அன்று நான் கடைசி வரிசையில் இருந்தேன். சட்டம் சரிதான் அப்பா. பெற்றவர்கள் செய்த தப்பு என்று மைக்கில் சொன்னீர்கள். அதை வீட்டில் என்னிடம் ஒருமுறை சொல்வீர்களா?"

பக்கம் முழுக்கச் சிவப்பு வட்டங்கள். கடைசியில் என் கையெழுத்தில், "பதினேழு பிழை. கடித அமைப்பு நன்று."