ரம்பத்துக்குக் கொடுத்த காது

கிள்ளானில் ஓர் இரும்பாலையில், பழுக்கக் காய்ந்து வரும் இரும்பை அளவுக்குத் துண்டு போடுவது என் வேலை. பக்கத்து லைனில் மெல்லிய கம்பிகள். ஓடுகிற ஓட்டத்திலேயே அவற்றைக் கத்தரி நறுக்கித் தள்ளிவிடும்; அங்கே நிற்பவன் கொடுத்துவைத்தவன். என் லைனில் வருவதோ கட்டடங்களுக்கு உத்திரமாகப் போகும் பெரிய இரும்பு. கத்தரி வைத்தால் நசுங்கிவிடும். அதனால் ஆள் உயரத்துக்கு ஒரு வட்ட ரம்பம். அது சூட்டு இரும்பில் இறங்கும்போது போடுகிற அலறல் இருக்கிறதே, பல் கூசும்.

காதுக்கு அடைப்பான் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால் ரம்பம் மழுங்குவது தெரியாது. கூராக இருக்கும்வரை ஒரே சீராகக் கத்தும், மழுங்கினால் கரகரக்கும். அதைக் கேட்டுத்தான் ரம்பத்தை மாற்றுவோம். அதனால் எங்கள் லைனில் எல்லோரும் வலது காதை அடைத்து, இடது காதைத் திறந்துவைப்பது வழக்கம்.

"ரெண்டு காதுலயும் போடுங்க லா அண்ணே, ஆடிட் வருது," என்றார் சூப்பர்வைசர். போட்டேன். மறுநாள் அவரே வந்து, வெட்டிய ஓரத்தைத் தடவிப் பார்த்து, "என்னண்ணே இவ்ளோ பிசிறு? சத்தம் மாறுனது கேக்கலியா?" என்றார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மழுங்கினால் காட்டிக்கொடுக்க ஒரு மீட்டர் வையுங்கள் என்று எத்தனை தடவை கத்தியிருப்பேன்! "பாப்போம் லா," என்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு. கடைசியில் செவிடானவன் நான்.

"லெஃப்ட் காது போயிருச்சு அங்கிள், ரைட்டும் பாதிதான். திரும்ப வராது," என்று சோதனை செய்த நர்ஸ் சத்தமாகச் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

போன ஞாயிறு என் மகள், "நீங்க மட்டும் வாங்கப்பா," என்று பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்குக் கூப்பிட்டாள். பெட்டாலிங் ஜெயாவில் வேலை பார்க்கிறவள். சின்ன வயதிலிருந்தே மெல்லத்தான் பேசுவாள். கடையில் ஒரே கூட்டம், இரைச்சல். "அம்மாகிட்ட சொல்ல முடியலப்பா," என்று அவள் தொடங்கியது கேட்டது. அதற்குப் பிறகு உதடுகள் அசைந்தன, அவ்வளவுதான். அவள் கண்கள் நிறைந்துவிட்டன.

"இன்னொரு தடவ சொல்லும்மா."

சொன்னாள். கேட்கவில்லை. மறுபடி கேட்டேன். என் குரல் எனக்கே தெரியாமல் உயர்ந்திருக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லப்பா. சாப்பிடுங்க."

வெளியே வந்ததும் கெஞ்சினேன். வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பு என்றேன். "விடுங்கப்பா," என்று ரயில் ஏறிவிட்டாள். இன்னும் எதுவும் வரவில்லை. மனைவியிடம் கேட்கவும் வழியில்லை. தாயிடம் சொல்ல முடியாததை என்னிடம் சொல்ல வந்தாள். இனி யாரிடம் போய்ச் சொல்வாள்?