ஈரத்துக்குக் கழிவில்லை

அம்மாவை நினைத்தால் முதலில் வருவது லுணுகலை பஸ் நிலையத்தில் நாங்கள் நான்கு பேரும் நின்ற கோலம்தான். தைப்பொங்கல் கழிந்த ஒரு திங்கட்கிழமை, காலை ஏழரை மணி. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வெள்ளை உடுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஏறிப் போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் மட்டும் சோற்றுப் பொட்டலமும் துணிப் பையுமாகக் கடல் பார்க்கப் போக நின்றோம். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட அதிபர் எதிரே வந்துவிட்டார். நானும் அண்ணனும் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் பதுங்கினோம். அம்மா எங்களை முன்னால் இழுத்து நிறுத்தி, "வணக்கம் சேர், பிள்ளைகளோட பொத்துவிலுக்குப் போறோம்" என்று கேட்காமலே சொன்னார். அதிபர் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்.

அதற்கு ஒரு வருடம் முன்பே அம்மா எங்களைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார். அண்ணன் ஏழாம் வகுப்பில் இருந்தான், நான் இரண்டாம் வகுப்பில். கணக்குப் பாடம் நடக்கிற நேரத்தில் அவனையும் இன்னும் சில பையன்களையும் ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்கு விறகு சுமக்க அனுப்பினார்கள். ஒரு நாள் இல்லை, ஒரு தவணை முழுக்க, மூன்று மாதமும். அம்மா போய்க் கேட்டபோது, தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த அளவு படிப்பு போதும் என்று பதில் வந்தது. அம்மா உயர்தர வகுப்பு வரை படித்துவிட்டுத் தேயிலைக் கொழுந்து பறிக்க வந்தவர். யாருக்கு எவ்வளவு போதும் என்று அளந்து சொல்கிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அன்றைக்கே எங்கள் புத்தகங்களை வாரிக்கொண்டு வந்துவிட்டார். லயத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் கூடி நின்று புத்தி சொன்னார்கள். அப்பாவுக்கும் பயம்தான். ஆனால் அம்மா ஒன்றை முடிவு செய்த பிறகு அப்பா பேசியதை நான் பார்த்ததில்லை.

எங்கள் பள்ளிக்கூடம் விடியற்காலை ஐந்து மணிக்குத் தொடங்கும். தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் அம்மா ஆளுக்கு ஐந்து கேள்விகளைக் கொடுத்துவிட்டு ஓடுவார். பகலெல்லாம் விடை தேடி அலைவதுதான் எங்களுக்கு வேலை. ஜாம் போத்தலில் மழையை அளந்தோம். வீட்டுக்குப் பின்னால் இருந்து பார்த்து நமுனுகுல மலையை வரைந்து, எந்த மேகம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று குறித்தோம். அண்ணன் பஸ் கண்டக்டரிடம் சிங்களம் படித்தான், அதில் கெட்ட வார்த்தைகளும் சேர்ந்து வந்தன. பருப்பு சுற்றி வந்த பழைய பேப்பரைக்கூட வாசித்துச் சுருக்கம் எழுத வேண்டும். மாலையில் தேநீர்ப் போத்தலோடு கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் போனால், அங்கே எனக்குக் கணக்குப் பாடம். அம்மாவின் மூன்று நிறுவையையும், ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்ததையும் எழுதிய துண்டை வைத்துத்தான் நான் கூட்டல் கழித்தல் படித்தேன்.

பொத்துவில் பயணமும் பாடம் என்றுதான் பெயர். ஜனவரியில் அங்கே கடல் கொந்தளிக்கும், சுற்றுலாக்காரர்கள் வரமாட்டார்கள், விடுதிகள் பூட்டிக் கிடக்கும். பதுளையில் அப்பாவுக்குப் பழக்கமான துணிக்கடைக்கார முஸ்லிம் நானா, தன் மச்சானின் விடுதிச் சாவியைக் கொடுத்து, நாலு நாள் ஜன்னல்களைத் திறந்து வைத்தாலே பெரிய உதவி என்றார். தோட்டத்திலும் கொழுந்து குறைந்து, அப்பாவின் தொழிற்சாலை வாரத்தில் மூன்று நாள்தான் ஓடியது. பிபிலை, மொனராகலை என்று மூன்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். வெள்ளைக்காரர்கள் படுக்கிற கட்டிலில் நாங்கள் நால்வரும் குறுக்காகப் படுத்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கிக் கிடந்த முற்றத்தில் அம்மா பாட்டுப் பாடிக்கொண்டு சோறாக்கினார். கடலில் இறங்க முடியவில்லை. அதனால் என்ன, மழையில் நனைந்தபடி அலையை எண்ணினோம். அவ்வளவு பெரிய கடல் எங்களுக்கு மட்டும் திறந்திருந்தது போல எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள், கடலோடு சேரும் களப்பின் ஓரத்தில் ஒருவர் மீன் நிறுத்துக்கொண்டிருந்தார். சொட்டச் சொட்ட மீனைத் தராசில் போட்டு, முள் காட்டியதை அப்படியே சொன்னார். நான் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பீங்க என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்கியதும், "மீன் நனஞ்சிதானே இரிக்கும் மகள், அதுக்கும் கழிச்சா எனக்கு என்ன மிஞ்சும்?" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் எந்தக் கேள்வியும் எங்களிடம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த வாரமே கல்வி அதிகாரி வந்தார். எங்கள் மீது புகார் போயிருந்தது. தவணை நடக்கும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள் என்றும் அதில் இருந்ததாம். அவர் நல்ல மாதிரி மனிதர். உள்ளே வந்து, அம்மா கொடுத்த தேநீரைக் குடித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். எங்கள் இருவரையும் சோதித்துப் பார்ப்பார், வயதுக்குரிய அறிவு இல்லையென்றால் அடுத்த திங்கள் அதே பள்ளிக்கூடத்தில் எங்களைச் சேர்க்க வேண்டும்.  அண்ணன் எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னான். அடுத்தது நான்.

ஒரு பெண் காலையில் ஒன்பது கிலோ, பகலில் எட்டு, மாலையில் ஏழு கிலோ கொழுந்து பறித்தால் மொத்தம் எவ்வளவு என்று கேட்டார். எனக்கு விளங்கட்டும் என்றுதான் கொழுந்தை வைத்துக் கேட்டிருக்கிறார், பாவம். நான் யோசிக்கவே இல்லை. பதினெட்டு என்றேன். அவர் திரும்பவும் கேட்டார். பதினெட்டுதான் என்று அடித்துச் சொன்னேன். ஒவ்வொரு நிறுவையிலும் ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று, ஆக ஏழும் ஆறும் ஐந்தும் என்று விரல் விட்டுக் காட்டினேன். அதிகாரி பேனாவை மேசையில் வைத்தார். பிள்ளைக்குக் கூட்டத் தெரியவில்லை என்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

அம்மா உள்ளே போய் ஒரு மாதத்துத் துண்டுகளைக் கொண்டுவந்து அவர் முன்னால் பரப்பினார். அவள் தப்பாகக் கூட்டவில்லை, இதைப் பார்த்துத்தான் படித்தாள் என்றார். அதிகாரி ஒவ்வொரு துண்டாக வாசித்தார். வெயில் நாளிலும் ஈரத்துக்குக் கழித்திருந்தது. கடைசியில், "இருந்தாலும் நான் கேட்ட கேள்விக்கு விடை இருபத்து நாலுதானேம்மா" என்றார்.

"ஆமாங்க, இருபத்து நாலுதான். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

 அவர் தன் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, 9 + 8 + 7 = 24 என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். மூன்று மாதம் கழித்து மறுபடி வருவதாகவும் அதுவரை பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதம் மூன்று வருடமாயிற்று. பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சையை முதலில் அண்ணனும், சில வருடம் கழித்து நானும் வெளியிலிருந்தே எழுதித் தேறினோம். இன்றும் எந்தப் படிவத்திலாவது பாடசாலையின் பெயர் கேட்டால் 'வீடு' என்றுதான் எழுதுகிறேன். சிலர் அதை வெட்டித் திருப்பி அனுப்புவார்கள். நான் மறுபடியும் அதையே எழுதுவேன்.

ஆனால் அன்று அதிகாரி போன பிறகு நான் அழுதேன். அம்மா என்னைத் தேற்றவில்லை. கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நான்தான் ஒனக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். கழிக்கிறது அவங்க வேல. அதையும் நீயே செஞ்சு குடுக்காத."

மறுநாள் மாலை என்னையும் கூட்டிக்கொண்டு நிறுக்கப் போனார். நல்ல வெயில் அடித்த நாள், கொழுந்தில் பொட்டு ஈரமில்லை. அம்மாவின் மூட்டைக்கு முள் பதினொன்றில் நின்றது. கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளை வழக்கம்போல ஒன்பது என்று சொல்லி எழுதிவிட்டார். அம்மா மூட்டையை இறக்கிக் கொழுந்தைக் கொட்டிவிட்டு, வெறும் சாக்கைக் கொக்கியில் மாட்டினார். முள் அரைக் கிலோவைக்கூடத் தொடவில்லை. பின்னால் வரிசை நின்றுவிட்டது. தோட்டத்துப் பெரிய துரையிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்று கணக்கப்பிள்ளை குரலை உயர்த்தினார். அம்மா அந்தத் தாளை அவர் கணக்குப் புத்தகத்தின் மேல் வைத்தார். "சொல்லுங்க. கழிக்காத கணக்கு எவ்வளவுன்னு கல்வி அதிகாரி எழுதினது, இதையும் சேத்துக் காட்டுங்க."

அவர் அதை வாசித்தார். வரிசையைப் பார்த்தார். ஒருவரும் நகரவில்லை. பேனா ஒன்பதை வெட்டிப் பதினொன்று எழுதியதை நான் கண்ணால் கண்டேன். வரிசையில் அடுத்து நின்ற அக்கா ஒருவர் தன் மூட்டையைக் கொக்கியில் மாட்டினார். மாட்டிவிட்டுக் கணக்கப்பிள்ளையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நான் எட்டி நின்று முள்ளைப் பார்த்து, மலைக்கே கேட்கும்படி பதின்மூன்று என்று வாசித்தேன்.