மாமாவுக்கு ஒரு பிரஷ்

தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஃபேன்சி கடையில், நாலு பேர் பார்க்க, ஷேவிங் பிரஷ்ஷை என் கன்னத்தில் வைத்து அழுத்திப் பார்த்தேன். குத்தியது. கடைக்காரர், "வீட்டுக்காரருக்காம்மா?" என்று கேட்டார். "மாமனாருக்கு" என்றேன்.

மாமா அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்தவர். திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. விடியற்காலை முதல் வண்டியை எடுக்கப் போகும் நாளிலும் சவரம் செய்யாமல் படியிறங்க மாட்டாராம். ஓய்வு பெற்ற பிறகும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பூசைக்கு அவர் முகம் பளிச்சென்று இருக்கும். பக்கவாதம் வந்து வலது கை விழுந்தது, பேச்சும் குழறியது. அத்தை அதற்கு முன்பே காலமாகிவிட்டார். என் கணவர் மஸ்கட்டில். வீட்டுக்கு வந்து சவரம் செய்ய ஆள் கிடைக்கவில்லை. தாடி மண்டிய முகத்தை யாரும் பார்க்கக்கூடாதென்று, வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். பங்குச் சாமியார் நற்கருணை கொண்டுவந்த அன்றும் முகத்தைக் காட்டவில்லை. அன்றுதான் நானே செய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

முதலில் டப்பாவிலிருந்து பீய்ச்சும் நுரையைப் போட்டுப் பார்த்தேன். மெலிந்த தோல் சிவப்புச் சிவப்பாகத் தடித்துவிட்டது. அவருடைய பழைய பிரஷ்ஷோ முடி கொட்டி மொட்டையாகிக் கிடந்தது. அதனால்தான் தஞ்சாவூருக்கு பஸ் ஏறினேன்.

கடைக்காரர் மூன்று வகை எடுத்துப் போட்டார். ஏதோ காட்டு விலங்கின் முடியில் செய்தது ஒன்று. பூ மாதிரி இருந்தது, விலையைக் கேட்டுத் திருப்பி வைத்தேன். மாத்திரை வாங்கவே இழுபறியாக இருந்த சமயம் அது. பன்றி முடியில் செய்தது மலிவு, ஆனால் அதுதான் கன்னத்தில் குத்தியது. "நனைஞ்சு நனைஞ்சு பழகிட்டா மெத்துன்னு ஆயிடும்மா" என்றார். பழகும்வரை பொறுக்க மாமாவின் தோலுக்குத் தெம்பில்லை. மூன்றாவது நைலான். பலதும் துடைப்பம்போல விறைத்தன. கிளறிக் கிளறி, நுனி மெல்லிசாக இருந்த ஒன்றைக் கண்டுபிடித்தேன். பிடித்து இழுத்தேன், ஒரு முடியும் கையோடு வரவில்லை. வளைத்து விட்டேன், நிமிர்ந்துகொண்டது. பிடியும் தடிமன், ஈரக் கையில் நழுவாது. அதையே வாங்கினேன்.

அன்று மாலை வெந்நீரோடு கட்டிலருகே போனபோது, "வேணாம்மா... நீ போ" என்றார்.

"கண்ண மூடிக்குங்க மாமா. நான் இங்க இல்லன்னு நெனச்சுக்குங்க."

சற்று நேரம் கழித்து மூடிக்கொண்டார். பிரஷ் பட்டதும் உடம்பு விறைத்தது. நுரை பொங்கத் தேய்க்கத் தேய்க்கத் தாடை மெல்லத் தளர்ந்தது. மூடிய இமையோரம் நீர் கசிந்து நுரைக்குள் இறங்கியது. நான் துடைக்கவில்லை. துடைத்தால் பார்த்துவிட்டேன் என்று ஆகிவிடும்.

அதன்பின் சனிக்கிழமைதோறும் செய்தேன். ஒருமுறைகூட அவர் கண் திறந்ததில்லை. அதைப்பற்றி நாங்கள் பேசியதும் இல்லை. ஒரு நாள் வேலையை முடித்து, கட்டிலோரம் கைபேசியைச் சாய்த்து வைத்துவிட்டு, குழாயடியில் பிரஷ்ஷை அலசிக்கொண்டிருந்தேன். வீடியோ காலில் என் கணவரின் குரல் கேட்டது: "என்னப்பா, முகம் பளபளன்னு இருக்கு!"

"பார்பர்... வந்துட்டுப் போனாரு" என்று குழறலாகச் சொன்னார் மாமா.

எனக்குச் சுருக்கென்றது. கோபமா வருத்தமா என்று தெரியாமல், திறந்த குழாயை மூடாமலே நின்றேன். பிறகு உள்ளே போய், "ஆமாங்க, இப்பத்தான் போனாரு" என்றேன். மாமா என்னைப் பார்க்கவில்லை. இடது கையால் போர்வை ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

சம்பா நடவு முடிந்த ஒரு மழைநாளில் மாமா போய்விட்டார். மகன் வந்து சேரும்வரை குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தோம். அடக்கம் முடிந்து உறவினர்கள் கலைந்த பிறகு, வெறும் கட்டிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த என் கணவர் சொன்னார்: "அப்பா முகத்த எவ்வளவு சுத்தமா வச்சிருந்தாரு அந்த பார்பர். அவரக் கூப்பிட்டு ஏதாவது செய்யணும். உனக்கு அவரத் தெரியும்ல?"

"அவரு இப்ப ஊர்ல இல்லைங்க" என்றேன்.

சில வருடங்கள் ஆகிவிட்டன. என் கணவருக்கு இன்றுவரை அவ்வளவுதான் தெரியும்.